பத்து நாள் முகாம் முடிந்தபின் அந்தப் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 12 பேர் இன்னும் ஐந்து மாதத்தில் வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஒரு கிராமத்துச் சபையோடு சேர்ந்து 10 நாள் சிறுவர் முகாமும் பதின்வயதினர் கூட்டமும் நடத்தவிருக்கிறோம். 5 முதல் 17 வயது வரை சுமார் 120 பிள்ளைகள் வருவார்கள் என்று அங்குள்ள போதகர் சொல்கிறார். பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகள். எங்கள் குழுவில் மூவருக்கு 16, 17 வயது. தினமும் பாட்டு, பொம்மலாட்டம், பலூன் விளையாட்டு, வேதக் கதை, முடிவில் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்க அழைப்பு என்று திட்டம். வருகிற பிள்ளைகளுக்குப் பரிசுப் பைகள் தருவோம். ஒரு நாள் அனாதை இல்லம் ஒன்றுக்கும் போவோம். எத்தனை பிள்ளைகள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் ஃபோட்டோக்களையும் காணிக்கை கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அந்த மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் உண்டு. எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.

பதில்:

அன்பான சகோதரருக்கு,

திட்டத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அதனால் பதிலையும் வெளிப்படையாகவே எழுத முடிகிறது. உங்கள் கடிதத்தை ஒருமுறை மறுபடி வாசித்துப் பாருங்கள். பாடுவது, கதை சொல்வது, அழைப்பு விடுப்பது, பரிசு கொடுப்பது என எல்லா வினைக்கும் எழுவாய் ‘நாங்கள்’தான். அந்த ஊர் ஞாயிறு பள்ளி ஆசிரியர் அதில் எங்கேயும் வரவில்லை. பதினோராம் நாள் காலையில் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். அன்று ஒரு பிள்ளைக்குக் கேள்வி வந்தால் யாரிடம் போகும்? முகாமின் முன்வரிசையில் பார்த்த முகத்திடம்தான் போகும். ஆகவே அந்த முகம் அங்கேயே இருக்கப்போகிறவருடைய முகமாக இருக்க வேண்டும். நான் கீழே எழுதும் நடைமுறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

1780-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோதுகூட, நாளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம் கொடுத்து உள்ளூர்ப் பெண்களைத்தான் ஆசிரியைகளாக அமர்த்தினார். அயர்லாந்திலிருந்து வந்து தோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் நடுவே செய்யும் ஊழியத்துக்கு உள்ளூர்க்காரர் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறவர் வேண்டும். 10 நாளில் திரும்புகிறவர்கள் அந்த உள்ளூர்க்காரருக்குக் கைகொடுக்கலாம். அவருடைய இடத்தில் தாங்களே நிற்கக் கூடாது.

அதனால் 10 நாளையும் வேறுமாதிரி பிரியுங்கள். முதல் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி. அந்தச் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் இருந்து பிள்ளைகளோடு வேலை செய்ய மனமுள்ள 15 பேரை உட்காரவைத்து, முகாமில் சொல்லப்போகும் ஐந்து கதைகளையும் அவர்களே சொல்லிப் பழகட்டும். அடுத்த ஐந்து நாள் முகாம், காலையில் மூன்று மணி நேரம் மட்டும். கதையை அவர்கள் சொல்லட்டும். உங்கள் குழு விளையாட்டு, கைவேலை, தண்ணீர், கதவு, பதிவேடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். கடைசி இரண்டு நாள் உள்ளூர் ஆசிரியரோடு பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைப் பாருங்கள். மேடையில் நிற்க ஆசையோடு வரும் வாலிபர்களுக்கு முதலில் இது சப்பென்று இருக்கும். அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். இதை ஏற்காதவர் வராமல் இருப்பதே நல்லது.

இனி சட்டம். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, நாட்டுக்கு நாடு இது மாறும். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதையும் மாற்ற முயல்வதையும் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடுகடத்தப்படுவார். பூட்டானின் தண்டனைச் சட்டத்தில் 2011-ல் வந்த திருத்தம், வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றுவதைக் குற்றமாக்கியது. ரஷ்யாவில் 2016 முதல், பதிவுபெற்ற சமய அமைப்பின் அதிகாரக் கடிதம் இல்லாமல் வெளிநாட்டவர் சமயப் பிரசாரம் செய்ய முடியாது. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்ச் சமயப் போதனை செய்வது விசா விதிமீறல். விண்ணப்பத்தில் ‘சுற்றிப்பார்க்க’ என்று எழுதிவிட்டு முகாம் நடத்தப் போகாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் வீடு திரும்பிவிடுவீர்கள், வழக்கும் விசாரணையும் அந்த ஊர்ப் போதகர் தலையில் விழும். அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் போதகர் மூலமாக எழுத்தில் கருத்துக் கேளுங்கள். முகாம் கூடாது, ஆசிரியர் பயிற்சி மட்டும் நடத்தலாம் என்று பதில் வந்தால் அதை மட்டும் செய்யுங்கள்.

1989-ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவையும் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் பிள்ளைக்குச் சுதந்திரம் உண்டு. பிள்ளை வளர வளர அதன் பக்குவத்துக்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பதைக் கவனியுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது இந்த இரண்டையும் மீறுவது.

பெற்றோர் அனுமதி என்றதும் பலர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். ‘இலவச ஆங்கில வகுப்பு, விளையாட்டு முகாம்’ என்று அறிவித்துவிட்டு உள்ளே வேதக் கதை சொல்வது ஏமாற்று. அது சத்தியத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் செய்யும் வேலை அல்ல. அனுமதி அட்டையில் அந்த ஊர் மொழியில் இப்படித் தெளிவாக இருக்கட்டும்: ‘இந்த முகாமை இன்ன சபை நடத்துகிறது. இயேசுவைப் பற்றிய கதைகள் சொல்லப்படும், கிறிஸ்தவப் பாடல்கள் பாடப்படும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.’ வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு உள்ளூர் ஆசிரியர் வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவர் முன்னிலையில் கைநாட்டு வாங்கலாம். அதே அட்டையில் பிள்ளையின் வயது, பெற்றோர் பெயர், தொலைபேசி எண், ஒவ்வாத உணவு, மருந்து, முகாம் முடிந்ததும் பிள்ளையை அழைத்துப் போகிறவர் யார் என்ற விவரங்கள் வேண்டும். ஃபோட்டோ அனுமதிக்குத் தனிக் கட்டம் வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதற்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அட்டைகள் உள்ளூர்ச் சபையின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உங்கள் ஃபோனில் படம்பிடித்துக் கொண்டுவராதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடியுள்ள இடத்தில் அந்தப் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் 120 குடும்பங்கள் மாட்டும்.

120 பிள்ளைகள் என்ற எண்ணிக்கைக்கு உங்கள் ஆள்பலம் போதுமா என்று கணக்குப் போடுங்கள். பிரிட்டனின் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைக்கு ஒருவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்று குறைந்தபட்ச அளவு சொல்கிறது. 120 பேரில் சிறியவர்கள் 40, நடுவயதினர் 45, பதின்வயதினர் 35 என்று வைத்துக்கொள்வோம். முறையே 7, 6, 4 பேர் என மொத்தம் 17 பெரியவர்கள் வேண்டும். கதவு, தண்ணீர், முதலுதவி, பதிவேடு ஆகியவற்றுக்கு இன்னும் நான்கு பேர். உங்கள் 12 பேரில் 16, 17 வயதுள்ள மூவரைப் பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர்களும் சட்டப்படி பிள்ளைகள்தான். மீதி ஒன்பது பேர். உள்ளூரிலிருந்து 12 பேர் கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 60 பேரோடு ஒழுங்காக நடத்துவது மேல்.

குழுவில் ஒவ்வொருவருக்கும், உள்ளூர் உதவியாளர்களுக்கும்கூட, காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும். சபைக்கு வெளியே உள்ள இருவரின் பரிந்துரைக் கடிதமும், பிள்ளைகளோடு நடந்துகொள்ளும் விதம் பற்றி எழுத்தில் கையெழுத்திட்ட ஒப்புதலும் வேண்டும். ‘நம்ம பையன்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவர்கள் தேடுவது, கேள்வி கேட்காமல் நம்பிவிடும் இடங்களைத்தான். வெளிநாட்டு ஊழியம், குறுகிய காலம், மொழி தெரியாத பிள்ளைகள் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவருக்கு வசதியாகிவிடும்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது, கழிப்பறையில்தான் இது தவறிப்போகும். ஒரு பிள்ளை ‘போகணும்’ என்று துள்ளும்போது பக்கத்திலிருக்கும் அண்ணன் கையைப் பிடித்து ஓடிவிடுவார். அதற்கு இப்படி ஏற்பாடு செய்யுங்கள்: பிள்ளைகள் இருவராகப் போக வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் உள்ளூர்ப் பெண்மணிகள் இருவர் முகாம் முழுதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் குழுவினர் யாரும் உள்ளே போகக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளையின் கைப்பட்டையில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும், அட்டையில் பெயருள்ளவர் வந்திருக்க வேண்டும். கைப்பட்டையில் பெயர் எழுதாதீர்கள். பெயரை வாசித்துக் கூப்பிடுகிற அந்நியரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

பலூனைச் சிறியவர்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஊதாத பலூனும் உடைந்த பலூனின் துண்டும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும். உருண்டையான கெட்டி மிட்டாயும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சிற்றுண்டியில் வேர்க்கடலை சேர்த்தது எதுவும் இருக்க வேண்டாம். பொம்மலாட்டத்தைப் பார்த்ததேயில்லாத சின்னப் பிள்ளைகள் பெரிய வாய் திறக்கும் துணிப் பொம்மையைக் கண்டு அலறுவதுண்டு. பொம்மையை முதலில் கையில் கொடுத்து, உள்ளே கை நுழைவதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கதைக்கு வருவோம். மொழிபெயர்ப்போடு சொன்னால் 10 நிமிடக் கதை 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் இருவர் மாறிமாறிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்காது. உள்ளூர் ஆசிரியர் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களில் ஒருவர் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கதையை ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கி, எழுதி, மூன்று நாள் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். ‘மேய்ப்பன் எண்ணினான். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினான். தொண்ணூற்றொன்பதுதான்.’ இப்படிச் சொன்னால் பெயர்ப்பவருக்கும் மூச்சு வரும், பிள்ளைகளும் விரல்விட்டு எண்ணுவார்கள். ‘கிருபை’, ‘இரட்சிப்பு’, ‘இரத்தத்தால் கழுவப்பட்டு’ போன்ற சபைச் சொற்களை எழுத்துப்படியிலிருந்து அடித்துவிடுங்கள். பெயர்ப்பவர் விசுவாசியாக இருந்தால் அவருடைய சபைச் சொல்லைப் போடுவார், பிள்ளைகளுக்கு அது புரியாது. விசுவாசியாக இல்லாவிட்டால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பார், பிள்ளைகள் மிரள்வார்கள்.

சீனத்திலும் ஜப்பானியத்திலும் பாவத்துக்கும் சட்டப்படியான குற்றத்துக்கும் ஒரே எழுத்துதான். ‘நாம் எல்லோரும் பாவிகள்’ என்று சொன்னால், ‘நான் ஒன்றும் குற்றவாளி இல்லையே’ என்று பிள்ளை நினைக்கும். அங்கே பாவம் என்ற சொல்லுக்கு முன் அதைச் செயலாகக் காட்ட வேண்டும்: பொய், தங்கையிடமிருந்து பறித்தது, உதவி கேட்டவனைப் பார்த்துச் சிரித்தது. நீங்கள் போகும் நாட்டு மொழியில் தேவன், ஆவி, பாவம், மன்னிப்பு ஆகிய நான்கு சொற்களும் அன்றாடப் பேச்சில் என்ன பொருள் தருகின்றன என்று போதகரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வண்ணப் பக்கங்களைக் காட்டி நற்செய்தி சொல்லும் ‘எழுத்தில்லாப் புத்தகம்’ உங்கள் பெட்டியில் நிச்சயம் இருக்கும். 1866-ல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் அதைப் பற்றிப் பிரசங்கித்தபோது கறுப்பு (பாவம்), சிவப்பு (இயேசுவின் இரத்தம்), வெள்ளை (கழுவப்பட்ட இதயம்) என மூன்றே பக்கம். பொன்னிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தவை. கறுப்புத் தோலுள்ள பிள்ளையிடம் கறுப்பைக் காட்டிப் ‘பாவம்’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை தன் கையைப் பார்க்கும். ‘இருட்டு’ என்று சொல்லி, விளக்கை அணைத்துக் காட்டலாம். கிழக்காசியாவின் பல இடங்களில் வெள்ளை துக்கத்தின் நிறம், சீனருக்குச் சிவப்பு மங்கல நிறம். அங்கே இந்தப் புத்தகத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், கதையே போதும்.

ஜெபிக்கும்போது பிள்ளையின் தலைமேல் கைவைப்பது நமக்கு ஆசீர்வாதம். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் லாவோஸிலும் தலை உடலில் மிக மரியாதைக்குரிய இடம், அந்நியர் கைவைத்தால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். எந்த நாடானாலும் தொடாமல் பக்கத்தில் நின்று ஜெபியுங்கள்.

ஒப்புக்கொடுக்க அழைப்பு விடுப்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. ‘இயேசுவை நேசிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்’ என்றால் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் தூக்குவார்கள். முன்னால் நிற்கிறவர் அன்பாக இருக்கிறார், பக்கத்துப் பிள்ளை தூக்குகிறது, தூக்காவிட்டால் அந்த அண்ணன் வருத்தப்படுவார். இதற்குமேல் அந்தக் கையில் பொருள் தேட முடியாது. அதே பிள்ளை ஐந்து நாளும் தூக்கும். எண்ணுகிறவர் ஐந்து என்று எழுதுவார். கையைத் தூக்கியவர்களுக்குப் பரிசுப் பை என்று அறிவித்துவிட்டாலோ, பூட்டான் போன்ற நாடுகளின் சட்டம் சொல்லும் ‘ஆசைகாட்டுதல்’ அப்படியே நடந்துவிடுகிறது. பதிலுக்கும் பரிசுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எழுதுபொருள் கொடுக்க விரும்பினால் அந்த ஊரிலேயே வாங்கி, கடைசி நாள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில், உள்ளூர்ச் சபை தன் கையால் கொடுக்கட்டும்.

கூட்டத்தில் அழைப்பு வேண்டாம். கதை முடிந்ததும் ஆசிரியர் இவ்வளவு சொன்னால் போதும்: ‘இந்தக் கதையைப் பற்றிப் பேச ஆசையுள்ளவர்கள் சிற்றுண்டிக்குப் பிறகு அந்தப் பாயில் வந்து உட்காருங்கள்.’ பாய் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், உள்ளூர் ஆசிரியர் இருவர் அங்கே இருக்க வேண்டும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் ‘ஆமாம்’ என்ற பதிலில் முடியாதவையாக இருக்கட்டும். ‘என்ன பேச வந்தாய்?’ ‘கதையில் யாரை உனக்குப் பிடித்தது, ஏன்?’ ‘இயேசு யார் என்று நினைக்கிறாய்?’ ‘இதைக் கேட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்?’ கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். சில பிள்ளைகளின் முகம் அந்தக் கேள்வியில்தான் மாறும். அப்போது ஜெபத்தைப் பின்னால் தள்ளிவைத்து, அந்தப் பிள்ளையின் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும்.

வேறு விசுவாசமுள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் வீட்டுப் படத்தை எடுத்தெறியச் சொல்வதும், பாட்டி கொடுக்கும் பிரசாதத்தை மறுக்கச் சொல்வதும், ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று ரகசியம் காக்கச் சொல்வதும் கூடவே கூடாது. உங்கள் பெட்டியிலிருக்கும் பாடங்களில் இப்படி ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய், ‘பாட்டி, நீ ஏற்றுகிற விளக்கு பாவமாம்’ என்று சொன்ன மறுநாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வராது. அந்தப் பாட்டிக்கும் சபைக்கும் நடுவில் எழும் சுவரை இடிக்கப் போதகருக்குப் பத்து ஆண்டு ஆகலாம். ஞானஸ்நானம் இந்தப் பயணத்தில் வேண்டவே வேண்டாம். அது உள்ளூர்ச் சபை, பெற்றோர், அந்த நாட்டின் வயது வரம்பு மூன்றையும் பார்த்துப் பின்னால் முடிவாக வேண்டியது.

சிலுவைக் காட்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆணியும் இரத்தமுமாக விவரிக்காதீர்கள், நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். போரிலோ பேரிடரிலோ வீடிழந்த பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் இது இரட்டிப்பாக முக்கியம். பயத்தில் கேட்கும் ஜெபம் பயம் தணிந்ததும் போய்விடும், இரவுக் கனவு மட்டும் மிஞ்சும். பிள்ளை திடீரென அழுதால் உலகச் சுகாதார அமைப்பு 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி சொல்லும் மூன்றைச் செய்யுங்கள்: பாருங்கள், கேளுங்கள், உதவக்கூடியவரோடு இணையுங்கள். அழுகையை ‘ஆவியின் கிரியை’ என்று மேடையேற்றாதீர்கள்.

ஒரு பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அமைதியாகக் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். துருவிக் கேட்காதீர்கள், கேட்கிறவரின் சொற்கள் பிள்ளையின் வாய்க்குள் நுழைந்துவிடும், பின்னால் விசாரணை கெட்டுவிடும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, அதன் மொழியிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, பிள்ளைகளின் பாதுகாப்புக்கென முன்பே நியமித்த பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். குற்றம்சாட்டப்பட்டவரை நீங்களே போய்க் கேட்காதீர்கள். அவர் சபை மூப்பராக இருக்கலாம். அதனால் பொறுப்பாளர்கள் இருவராக இருக்கட்டும், ஒருவர் அந்தச் சபையைச் சேராதவராக இருக்கட்டும். அந்த நாட்டின் குழந்தை உதவித் தொலைபேசி எண் ஒவ்வொருவர் அடையாள அட்டையின் பின்புறமும் எழுதியிருக்கட்டும்.

பதின்வயதினரை இந்த முகாமில் கலக்காதீர்கள், அவர்களுக்கு மாலையில் தனி நேரம் வையுங்கள். கையசைத்துப் பாடும் பாட்டு அவர்களுக்குக் கூச்சம். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட வட்டங்களாக, ஆண்பிள்ளைகளுக்கு ஆண், பெண்பிள்ளைகளுக்குப் பெண் தலைவராக, ஒரு வேதப் பகுதியை வாசித்து அவர்கள் கேள்வி கேட்க விடுங்கள். ‘என் தாத்தா கிறிஸ்தவர் இல்லை, அவர் எங்கே போயிருப்பார்?’ என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் கேட்பான். மனப்பாடமான பதிலை வீசாதீர்கள். தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், தேவன் நீதியும் இரக்கமும் உள்ளவர் என்று நீங்கள் நம்புவதைச் சொல்லுங்கள், அங்கே நிறுத்துங்கள். புதிதாக நம்பிய பிள்ளையை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதும் வேண்டாம். அந்தச் செய்தி அன்றிரவே வீடு போய்ச் சேரும்.

பயணம் முடிந்தபின்னும் சிக்கல் வரும் இடம் ஃபோன். உங்கள் வாலிபர் ஒருவரும் அந்த ஊர்ச் சிறுமியும் தனிச் செய்தியில் பேசிக்கொள்வது எவ்வளவு நல்லெண்ணத்தில் தொடங்கினாலும் தவறு. உள்ளூர் ஆசிரியர் இருவர் இருக்கும் குழுவில் மட்டும் தொடர்பு, அதுவும் மூன்று மாதத்தோடு முடியும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘பள்ளிக் கட்டணத்துக்கு உதவுங்கள் அண்ணா’ என்று செய்தி வந்தால் தனியாகப் பணம் அனுப்பாதீர்கள், சபை மூலமாக மட்டும் அனுப்புங்கள். ‘அடுத்த வருடம் வருவேன்’ என்று உறுதியில்லாமல் எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்கும்.

அனாதை இல்லப் பயணத்தை ரத்து செய்யுங்கள். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ 2009-ல் அறிக்கை வெளியிட்டது. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. பார்வையாளர் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் இன்னும் பிள்ளைகளைத் தேடுவார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கி 136 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இல்லத்திலேயே விடப்பட்ட குழந்தைகளைவிடக் குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் தேறினார்கள் என்று காட்டியது. இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் சுற்றுலாவாகப் போவதால் வரும் தீங்கைத் தடுக்கும்படி 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2010 ஜனவரியில், ஹெயிட்டி நிலநடுக்கத்துக்குப் பின், அனாதைகள் என்று 33 பிள்ளைகளை எல்லை கடத்த முயன்ற பத்து அமெரிக்க ஊழியர்கள் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். உங்கள் குழுவில் பாசமுள்ள ஒரு சகோதரி நான்கு வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருப்பார், பிறகு எழுந்து போவார். அந்தப் பிள்ளைக்கு இது எத்தனையாவது மடி என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பயணத்துக்கு ஒதுக்கிய தொகையை, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கப் போராடும் குடும்பங்களுக்குச் சபை மூலம் கொடுங்கள்.

ஃபோட்டோவில் முகம், பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து வரக் கூடாது. ஃபோனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். ஜெபிக்கும் பிள்ளை, அழும் பிள்ளை, கிழிந்த உடையில் நிற்கும் பிள்ளை ஆகிய படங்கள் வேண்டாம். உங்கள் பிள்ளையை அந்நியர் அப்படி எடுத்துப் போட்டால் சம்மதிப்பீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். ஆதரவாளர்களுக்கான அறிக்கையில் ‘ஏற்றுக்கொண்டவர்கள்’ என்ற எண்ணுக்குப் பதிலாக, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், பார்த்த வீடுகள் எத்தனை, முகாமுக்குப் பின் 12 வாரம் கழித்தும் வாரவாரம் வகுப்பு நடக்கிறதா என்பதை எழுதுங்கள். அதற்காக 12 வாரத்துக்கான பாடங்களை அந்த மொழியில் முன்கூட்டியே தயாராக்கி, முதல் நாளே ஆசிரியர்களிடம் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அவர்களோடு பேச உங்கள் குழுவில் ஒருவரை நியமியுங்கள்.

ஐந்து மாதத்தில் என்ன செய்வது? முதல் மாதம் சட்டக் கருத்தும் நன்னடத்தைச் சான்று விண்ணப்பமும். இரண்டாம், மூன்றாம் மாதம் வாரம் மூன்று மணி நேரம் பயிற்சி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையையும் மூன்று முறையாவது சொல்ல வேண்டும், ஒருமுறை வேறு மொழி பேசுகிறவரைப் பக்கத்தில் நிறுத்தி இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். நான்காம் மாதம் முதலுதவிப் பயிற்சியும் குழந்தைப் பாதுகாப்பு ஒத்திகையும். கழிப்பறை, அழும் பிள்ளை, அழைத்துப் போக யாரும் வராத பிள்ளை என மூன்று சூழலை நடித்துப் பாருங்கள். கடைசி மாதம் பாடங்களின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் உங்கள் குழுவின் மூன்று இளையோருடைய பெற்றோரோடு உட்கார்ந்து பேசவும் தேவைப்படும். அந்த இளையோர் மூவரும் தங்கும் அறை பெரியவர்களோடு பொதுவானதாக இருக்கக் கூடாது.

இந்த வாரமே அந்தப் போதகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும். முகாம் வேண்டும் என்று முதலில் கேட்டது அவருடைய சபையா, நாமா? அவருடைய ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தேவை? நாம் வந்துபோவதால் அடுத்த ஆண்டு அவருக்கோ பிள்ளைகளின் வீட்டாருக்கோ சங்கடம் வருமா? மூன்றாவது கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத அவர் தயங்குவார், விருந்தாளியை வராதே என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதற்குத் தொலைபேசியில் நேரம் கேட்டு, அவரை அவசரப்படுத்தாமல் பேசவிடுங்கள். பதில் வரும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.